மண்ணுக்கு அடியில் இருப்பது யாருடையது?

எங்கள் பங்கு ஆலயத்தின் பின்வரிசைகளில் கடந்த சில ஆண்டுகளாகப் புதிய முகங்கள் தென்படுகின்றன. பின்னலாடை ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்பதற்காக ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து வந்துள்ள இளைஞர்கள் அவர்கள். திருப்பலியில் நாம் தமிழில் பாடும்போது உதடுகளை மட்டும் அசைப்பார்கள். காணிக்கை நேரத்தில் தவறாமல் எழுந்து வருவார்கள். முடிந்ததும் யாருக்கும் இடையூறின்றி ஒதுங்கிச் சென்றுவிடுவார்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழா வரை செல்லும் தொடர்வண்டி காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகத்தான் போகிறது. அந்த வண்டியில் இரண்டு நாள் அமர்ந்தும் நின்றும் வந்தவர்களே இவர்களுள் பலர்.

ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், எட்டாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "சாமி, இவங்க ஊர்லதான் இரும்பு, நிலக்கரி, செம்பு எல்லாம் கிடைக்குதுன்னு எங்க புத்தகத்துல போட்டிருக்குது. அப்புறம் ஏன் பிழைக்கிறதுக்கு இங்க வந்திருக்காங்க?" என்று கேட்டான். "அங்கே போதிய வேலை இல்லையப்பா" என்றேன். "ஏன் இல்லீங்க சாமி?" என்றான். அடுத்த திருப்பலிக்கு மணி அடித்துவிட்டது. அந்த மணியோசை என்னைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். ஆனால், கேள்வி என்னை விடவில்லை. அது வேலைவாய்ப்பைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, நீதியைப் பற்றிய கேள்வி என்பது சில நாள் கழித்தே எனக்கு உறைத்தது.

ஜார்க்கண்ட் என்னும் பெயருக்குக் காட்டு நிலம் என்பது பொருள். சோட்டா நாக்பூர் பீடபூமியே அதன் பெரும்பகுதி. ஏறத்தாழ 79,700 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3 கோடியே 29 இலட்சம் மக்கள். அவர்களுள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர், 26.2 விழுக்காட்டினர், சந்தால், முண்டா, ஒராவோன், ஹோ, காரியா முதலிய பழங்குடி மக்கள். தாமோதர் ஆறும் சுவர்ணரேகை ஆறும் அங்குதான் பிறக்கின்றன. சுவர்ணரேகை என்றால் பொற்கோடு. அதன் மணலை அரித்துப் பொன்துகள் எடுக்கும் எளியவர்கள் இருந்ததால் அப்பெயர் பொருந்திற்று. மழை குறைவில்லாத நிலம்தான். ஆயினும் பெய்வதெல்லாம் பருவமழையின் சில மாதங்களில் பெய்து, சரிவான பீடபூமியிலிருந்து ஓடிவிடுகிறது. பாசன வசதி குறைவு. எனவே பெரும்பாலான வயல்களில் ஆண்டுக்கு ஒரு போக நெல் மட்டுமே விளைகிறது. மற்ற மாதங்களுக்குக் காடே களஞ்சியம். இலுப்பைப் பூவும், பீடி இலையும், அரக்கும், டசர் பட்டுக்கூடும் காடு தரும் கொடைகள். அரக்கு உற்பத்தியிலும் டசர் பட்டிலும் இந்தியாவில் முன்னணியில் நிற்பது அம்மாநிலமே.

இவையெல்லாம் நிலத்தின் மேலுள்ளவை. கீழே இருப்பதோ வேறோர் உலகம். தாமோதர் பள்ளத்தாக்கில் ஜாரியா, பொகாரோ, ராம்கர், கரண்புரா என்று நீளும் நிலக்கரி வயல்கள். எஃகு உருக்குவதற்கு இன்றியமையாத உயர்தரக் கற்கரி நம் நாட்டில் முதன்மையாகக் கிடைப்பது ஜாரியாவில்தான். தெற்கே சிங்பூம் பகுதியில் சால மரக்காடுகளுக்கு அடியில் நோவாமுண்டி, கிரிபுரு முதலிய இடங்களில் இரும்புத் தாது. காட்சிலா வட்டாரத்தில் செம்பு. ஜாதுகுடாவில் 1967 முதல் வெட்டியெடுக்கப்படும் யுரேனியம். கோடர்மாவில் ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கே சென்ற மைக்கா. நாட்டின் கனிம வளத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இம்மாநிலத்தில் உள்ளதாகப் பொதுவாகச் சொல்வார்கள். இந்த வளத்தை நம்பியே 1907இல் தொடங்கப்பட்ட நிறுவனம், சுவர்ணரேகையும் கர்காய் ஆறும் கூடுமிடத்தில் இருந்த சாக்சி என்னும் சிற்றூரில் உருக்காலை நிறுவி 1912இல் எஃகு வார்த்தது. அந்தச் சாக்சியே இன்றைய ஜாம்ஷெட்பூர். விடுதலைக்குப் பின் சிந்திரியில் உர ஆலை, இராஞ்சியில் கனரக இயந்திரத் தொழிற்சாலை, பொகாரோவில் எஃகு ஆலை, தாமோதரில் அணைகள் என நாட்டின் கனவுகள் பல அங்கேதான் முதலில் கால் ஊன்றின.

இனி மறுபக்கம். பல பரிமாண வறுமையைக் கணக்கிடும் நிதி ஆயோக், 2023இல் வெளியிட்ட அறிக்கையில், 2019-21ஆம் ஆண்டுகளின் ஆய்வுத் தரவுகளின்படி ஜார்க்கண்ட் மக்களுள் 28.81 விழுக்காட்டினர் வறியோர் என்று கண்டது. மாநிலங்களுள் பீகாருக்கு அடுத்த நிலை. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் அது ஏறத்தாழ 42 விழுக்காடாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னேற்றம் இல்லை என்று கூறுவது பொய்ச்சான்று ஆகும். அதே அறிக்கையில் தமிழ்நாட்டின் அளவு 2.20 விழுக்காடு. மண்ணுக்கு அடியில் அவ்வளவு இரும்பும் கற்கரியும் இல்லாத நம் மாநிலத்துக்கு, அவை குவிந்து கிடக்கும் மாநிலத்தின் பிள்ளைகள் கூலிக்கு வருகிறார்கள். சிறுவன் கேட்டது இதைத்தான்.

இதற்கு விடையாக நம்மிடையே எளிதில் எழும் சொற்கள் சில உண்டு. "அவர்கள் சோம்பேறிகள்" என்பது ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்யும் அந்த இளைஞர்களை ஒருமுறை பார்த்தவர் அதை மீண்டும் சொல்லமாட்டார். "எல்லாம் ஊழல்" என்பது மற்றொன்று. ஊழல் உண்டு. ஆனால் ஊழல் உள்ள இடமெல்லாம் இப்படி ஆகிவிடவில்லையே! "இறைவன் விட்ட வழி" என்பது மூன்றாவது. இறைவன் மலை நிறைய இரும்பை வைத்துவிட்டு, அதன் மேல் வாழ்பவனை ஏழையாகவும் படைத்தார் என்று சொல்வது அவர்மீது நாம் சாற்றும் பழி. இம்மூன்றையும் விலக்கிவிட்டே நாம் மேலே செல்ல வேண்டும்.

உண்மைக் காரணங்களுள் ஒன்று நம்மையும் தொடுகிறது. விடுதலைக்குப் பின் இந்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாடு என்னும் கொள்கையை வகுத்தது. 1956 முதல் எஃகு நாட்டின் எந்த இரயில் நிலையத்திலும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி செய்யப்பட்டது. தொலைவுக்கான கட்டணம் ஒரு பொது நிதியிலிருந்து ஈடுகட்டப்பட்டது. ஜாம்ஷெட்பூருக்கு அருகில் பட்டறை வைத்திருப்பவனுக்கும் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவனுக்கும் எஃகு ஒரே விலை. நோக்கம் நல்லதே. இயற்கை சில இடங்களுக்கு மட்டும் கொடுத்ததை எல்லாரும் சமமாகப் பயன்படுத்தட்டும், நாடு முழுவதும் தொழில் வளரட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் பருத்தி போன்ற பொருள்களுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. விளைவு என்ன? தாது கிடைக்கும் இடத்தில் தொழிற்சாலை வைப்பதால் கிடைத்திருக்கக்கூடிய இயல்பான ஆதாயம் கிழக்கு மாநிலங்களிடமிருந்து அகன்றது. சுரங்கமும் உருக்காலையும் அங்கே நின்றன. அவற்றைச் சூழ்ந்து வளர வேண்டிய நூறு வகைச் சிறு தொழில்களோ துறைமுகமும் சந்தையும் உள்ள இடங்களில் வளர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் இக்கொள்கை கைவிடப்பட்டபோது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் ஊர் இயந்திரப் பட்டறைகள் திருட்டுப் பொருளில் வளர்ந்தன என்று நான் சொல்லவில்லை. நம் மக்களின் உழைப்பும் திறனும் உண்மையானவை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் எழுதிய சமூகச் சுற்றுமடலில், நம் காலத்தில் நிலத்துக்கு இணையான வேறோர் உடைமை தோன்றியிருக்கிறது, அது அறிவும் தொழில்நுட்பமும் திறமையும் ஆகும் என்று சுட்டிக்காட்டினார். 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, ஜார்க்கண்டின் எழுத்தறிவு 66 விழுக்காடு என்பதை நினைத்தால் அவர் கூற்றின் ஆழம் புரியும். கனிமத்தைவிடக் கல்வி பெரிய செல்வம். ஆயினும் நாம் ஏறிவந்த படிகளுள் ஒன்று பிறர் தோளாக இருந்தது என்பதை அறிவதும் கல்வியின் ஒரு பகுதியே.

இப்போது நடுக் கேள்விக்கு வருவோம். மண்ணுக்கு அடியில் இருப்பது யாருடையது?

மூன்று விடைகள் கூறப்படுகின்றன. முதலாவது, நிலம் யாருடையதோ அவருடையது என்பது. 2013இல் கேரளத்து வழக்கொன்றில் நம் உச்ச நீதிமன்றமே, சட்டப்படி முறையாகப் பறிக்கப்பட்டாலன்றி அடிமண்ணின் கனிமம் இயல்பாக நில உடைமையாளரையே சாரும் என்று தீர்ப்பளித்தது. இரண்டாவது, அது நாட்டின் பொதுச் சொத்து, அரசே அதன் காவலர் என்பது. அரசு என்றால் எந்த அரசு என்பதும் நெடுங்காலச் சிக்கல். 2024 ஜூலை 25இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம உரிமைகள்மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வழங்கியது. அத்தீர்ப்புக்கு வித்திட்ட வழக்குகளுள் முதன்மையானது தன்பாத் பகுதியிலிருந்து போனதுதான். மூன்றாவது, முதலும் உழைப்பும் இட்டு யார் வெட்டியெடுக்கிறாரோ அவருடையது என்பது.

மூன்று விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றும் தனித்து நின்றால் நொண்டுகின்றன. நிலக்கரி ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அழுந்திப் புதைந்த காடு. அதை உண்டாக்க எந்த உழவனும் வியர்வை சிந்தவில்லை, எந்த அரசும் சட்டம் இயற்றவில்லை, எந்த முதலாளியும் முதல் போடவில்லை. மனிதன் தோன்றுமுன்பே அது அங்கு இருந்தது. எடுத்த உழைப்புக்குக் கூலி கேட்கலாம், இட்ட முதலுக்கு நியாயமான ஆதாயம் கேட்கலாம். ஆனால், பொருளையே நான் படைத்தேன் என்று ஒருவரும் கூற முடியாது. புனித தோமா அக்குவினார் இதைத்தான் தெளிவுபடுத்தினார்: பொருள்களின் இயல்பின்மீது உரிமை கடவுளுக்கே, மனிதனுக்கு உள்ளது அவற்றை ஈட்டவும் பகிர்ந்தளிக்கவும் உரிய பொறுப்பு, பயன்படுத்தும் நிலையிலோ அவற்றைப் பொதுவானவை என எண்ணி, தேவையுற்றோருக்கு எளிதில் ஈயக் கடமைப்பட்டவன். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல், மண்ணுலகும் அதிலுள்ள அனைத்தும் எல்லா மனிதருக்காகவும் எல்லா மக்களினங்களுக்காகவும் தரப்பட்டவை என்ற பழம்பெரும் போதனையைப் புதுப்பித்தது.

ஆனால், இங்கேதான் உண்மையான இடர்ப்பாடு எழுகிறது. எல்லாம் எல்லாருக்கும் உரியது என்றால், நூறு கோடி மக்களுக்குத் தேவையான மின்சாரத்தையும் எஃகையும் ஒரு சிற்றூர் தன் வயலுக்கடியில் வைத்துக்கொண்டு தர மறுப்பது சரியா? பொதுநன்மைக்காகச் சிலர் இடம்பெயர்வது தியாகமன்றோ? சுரங்கத்துக்காக ஊர்களைக் காலி செய்யச் சொல்லும்போது கூறப்படுவது இந்த வாதமே. இது மேலோட்டமான வாதமன்று. இதற்கு விடை காணாமல் நாம் பழங்குடியினருக்காக உருகுவதில் பயனில்லை.

அரசர்கள் நூலில் வரும் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். புனித அம்புரோசியார் அக்கதையை வைத்து ஒரு தனி நூலே எழுதினார். ஆனால், நாம் அடிக்கடி கவனிக்கத் தவறும் ஒரு செய்தி அதில் உண்டு. ஆகாபு அரசன் தொடக்கத்தில் தோட்டத்தைப் பறிக்க வரவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான். வேண்டுமானால் அதற்குரிய விலையைப் பணமாகவே தருவதாகவும் சொன்னான். இன்றைய மொழியில் கூறினால், நிலத்துக்கு நிலம் அல்லது முழு இழப்பீடு. சந்தைக் கணக்கில் அது குறைசொல்ல முடியாத பேரம். நாபோத்து மறுத்ததற்குக் காரணம் விலை போதாமை அன்று. அது மூதாதையரின் உரிமைச் சொத்து என்பதே. தவறு எங்கே தொடங்குகிறது? மறுக்கும் உரிமை நாபோத்துக்கு இல்லை என்று ஈசபேல் முடிவு செய்த நொடியில் தொடங்குகிறது. அதன் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. அவள் கொள்ளையரை அனுப்பவில்லை. அரச முத்திரையிட்ட மடல்களை அனுப்பினாள். பெரியோர் கூடினர், சாட்சிகள் வந்தனர், தீர்ப்பு நிறைவேறியது. எல்லாம் முறைப்படி நடந்தது. நாபோத்து மட்டும் இல்லாமற் போனான்.

முண்டா மக்களின் வழக்கத்தை அறிந்தால் நாபோத்து எவ்வளவு அருகில் இருக்கிறான் என்பது விளங்கும். காட்டைத் திருத்தி முதன்முதலில் ஊர் உண்டாக்கியவர்களின் வழிவந்தோர் அந்நிலத்தைக் கூட்டாக உடைமை கொள்வது அவர்கள் மரபு. இறந்தோர் மீது வைக்கும் பெரிய கற்பலகைகளே அவர்களுக்குப் பத்திரம். இங்கே என் பாட்டன் உறங்குகிறான், ஆகவே இது என் ஊர் என்பதே வாதம். எழுதிய தாளை மட்டுமே சான்றாக ஏற்ற ஆங்கிலேய நீதிமன்றங்களில் அக்கற்கள் எளிதில் எடுபடவில்லை. நிலம் கைமாறிக்கொண்டே போனது. அந்த வேதனையிலிருந்து 1899-1900இல் பிர்சா முண்டாவின் எழுச்சி பிறந்தது. அவர் 1900 ஜூன் 9இல் இராஞ்சிச் சிறையில் இறந்தார். அதன் பின்னரே 1908இல் பழங்குடியினர் நிலம் பிறர்க்குக் கைமாறுவதைத் தடுக்கும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 15ஆம் நாளிலேயே 2000இல் ஜார்க்கண்ட் தனி மாநிலமாயிற்று.

இனி அந்த வாதத்துக்கு விடை தேடலாம். பொருள்கள் எல்லாருக்கும் உரியவை என்னும் போதனையில் 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் அந்தச் சிற்றூராரும் அடங்குவர். அவர்களைக் கழித்துவிட்டு மீதியுள்ளோரை 'எல்லாரும்' என்று அழைப்பது கணக்குப் பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும். தியாகம் என்பது தானே முன்வந்து தருவது. கேட்காமல் எடுப்பதற்குத் தியாகம் என்று பெயரிடுவது, சிலுவையைச் சுமந்தவரின் பெயரையும் சுமத்தியவரின் பெயரையும் மாற்றி எழுதுவதாகும். ஆகவே பொதுநன்மையின் பெயரால் ஒரு சமூகத்தின் நிலத்தைக் கேட்பதற்கு மூன்று நிபந்தனைகளாவது வேண்டும் என எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, அவர்களின் உண்மையான இசைவு. அதாவது, மறுத்தால் மறுப்பு மதிக்கப்படும் என்ற நிலையில் பெறப்படும் இசைவு. இரண்டாவது, எடுக்கப்படும் வளத்தின் பயன் முதலில் அவர்களைச் சென்றடைதல். மூன்றாவது, வருங்காலத் தலைமுறையின் பங்கு. நெல் ஆண்டுதோறும் விளையும். நிலக்கரி ஒரே ஒரு முறை அறுவடை. அந்த ஒற்றை அறுவடையை விற்று உண்டு முடிப்பவன் விதைநெல்லை உண்பவனுக்கு ஒப்பானவன். அதைப் பள்ளியாக, நீர்நிலையாக, மீண்டும் வளர்ந்த காடாக மாற்றினால்தான் பேரப்பிள்ளைக்கும் ஏதேனும் மிஞ்சும்.

இவ்வெண்ணங்கள் சட்டப் புத்தகத்துக்குப் புதியவை அல்ல. பட்டியல் பகுதிகளில் கிராம சபையைக் கலந்தறிய வேண்டும் என்று 1996இல் சட்டம் வந்தது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சுரங்கம் உள்ள மாவட்டங்களின் நலனுக்கென உரிமத்தொகையின் ஒரு பங்குக்கு இணையான தொகையைத் திரட்டும் மாவட்டக் கனிம நிதி 2015இல் உருவாயிற்று. மடலும் முத்திரையும் நம்மிடம் உண்டு. அவை நாபோத்தைக் காக்கப் பயன்படுகின்றனவா, அகற்றப் பயன்படுகின்றனவா என்பதே கேள்வி.

ஜாரியாவை நினைத்துப் பாருங்கள். அங்கே நிலத்துக்கடியில் நிலக்கரி எரிகிறது. நெருப்பு முதன்முதலில் அறியப்பட்டது 1916இல். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது முற்றிலும் அணையவில்லை. தனியார் கைகளில் முறையின்றித் தோண்டப்பட்ட சுரங்கங்களில் தொடங்கிய தீ, 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையான பின்னும் தொடர்ந்தது. தரையில் வெடிப்பு, வெடிப்பில் புகை, திடீரெனச் சரியும் வீடுகள். அம்மாவட்டத்துச் சாஸ்னாலாவில் 1975 டிசம்பர் 27இல், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் கழித்து, சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். ஜாரியா மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பெருந்திட்டம் 2009இல் ஏற்கப்பட்டது. 2025 ஜூனில் ஏறத்தாழ 5,940 கோடி ரூபாய் மதிப்பில் திருத்தப்பட்ட திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. புதிய குடியிருப்பில் தரை எரியாது. ஆனால் பிழைப்பு பழைய இடத்தில்தான் இருக்கிறது. எரியும் தரைமேல் சோறு, எரியாத தரைமேல் பசி என்றால் ஒரு தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்?

அந்த வட்டாரச் சாலைகளில் மிதிவண்டியில் மூட்டை மூட்டையாக நிலக்கரியைக் கட்டி, ஏற்றத்தில் நெஞ்சை முட்டுக்கொடுத்துத் தள்ளிச் செல்லும் மனிதர்களைக் காணலாம். கைவிடப்பட்ட சுரங்கங்களில் பொறுக்கியெடுத்ததை நெடுந்தொலைவு தள்ளிச் சென்று விற்பார்கள். சட்டத்தின் பார்வையில் அது திருட்டு. அதை நியாயப்படுத்துவது என் நோக்கமன்று. அந்தப் படுகுழிகளில் மண் சரிந்து எத்தனையோ உயிர்கள் போகின்றன. ஆனால் கடும் வறுமையில் உயிர்காக்க எடுப்பதைத் திருட்டு என்று கருத முடியாது என்று எழுதிய அக்குவினார் அந்தச் சாலையோரம் நின்றிருந்தால், மிதிவண்டிக்காரனை மட்டும் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கமாட்டார் என்பது உறுதி.

திருச்சபை இந்தக் கதைக்கு வெளியே நின்றதில்லை. 1885இல் அங்கு சென்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், மக்களின் முதல் துயரம் நில வழக்கே என்று கண்டு, சட்டம் படித்து அவர்களுக்குத் துணை நின்றார். ஜெர்மானியரான ஹாஃப்மன் அடிகளார் முண்டா மொழிக்குக் கலைக்களஞ்சியம் உருவாக்கியதோடு, 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். மறு ஆண்டே வட்டிக்கடையிலிருந்து மக்களை மீட்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். நம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டான் சுவாமி அடிகளார் தம் முதுமை வரை அம்மக்களோடு வாழ்ந்து, அவர்களின் நிலத்தையும், விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய அவர்களின் இளைஞர்களையும் பற்றிப் பேசினார். 2020 அக்டோபர் 8இல், 83 வயதில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். தம்மீதான குற்றச்சாட்டை அவர் மறுத்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, 2021 ஜூலை 5இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் காவலில் இருந்தபடியே இறந்தார். காவிரிக்கரையில் பிறந்த ஒருவர் சுவர்ணரேகைக் கரை மக்களுக்காகத் தம் இறுதி நாள்களைச் செலவிட்டார் என்பது நமக்குப் பெருமை என்று சொல்லி முடித்துவிட எனக்குத் துணிவில்லை. அவரைப் புகழ்வது எளிது. அவர் கேட்ட கேள்விகளை நாமும் கேட்பதுதான் கடினம்.

அக்கேள்வி தொலைவில் மட்டும் இருப்பதுமன்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நம் உழவர்களும் ஊர்களை விட்டு எழுந்தவர்களே. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைக் கண்டு நம் நெஞ்சு பதறவில்லையா? அந்தப் பதற்றத்தைச் சற்று நீட்டினால் அது சிங்பூம் வரை செல்லும். நம் பயிருக்காக அழும் கண், பிறர் காட்டுக்காகவும் அழக் கற்றால்தான் அது கிறிஸ்தவக் கண்.

நாம் செய்யக்கூடியது என்ன? சுரங்கச் சட்டத்தை நாம் திருத்த முடியாது. ஆனால் அந்த இளைஞர்கள் நம்மிடம் வாடகைக்கு இருக்கிறார்கள், நம் ஆலைகளில் கூலி பெறுகிறார்கள், நம் ஆலயத்தில் முழந்தாளிடுகிறார்கள். பத்துப் பேரை ஓர் அறையில் அடைத்து ஒவ்வொருவரிடமும் வாடகை வாங்குபவரும், உள்ளூர்க்காரனுக்கு ஒரு கூலி, அவனுக்கு ஒரு கூலி என்று பிரிப்பவரும் நம் பங்கிலேயே இருக்கக்கூடும். ஆகாபு சமாரியாவில் மட்டும் வாழ்வதில்லை. நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு வாசலுக்கு வெளியே இரண்டு அளவுகோல் வைத்திருப்பது நமக்குத் தகுமா?

யோபு நூலில் சுரங்கத்தைப் பற்றிய வியப்பான பகுதி ஒன்று உண்டு. மனிதன் இருளுக்குள் விளக்கோடு இறங்கி, மலைகளின் அடிவேரைப் புரட்டி, இரும்பையும் செம்பையும் வெளிக்கொணர்கிறான். எதையும் கண்டெடுக்கும் அவனால் ஞானத்தை மட்டும் எந்தச் சுரங்கத்திலும் கண்டெடுக்க முடியவில்லை என்று அது முடிவுக்கு வருகிறது. இறைவனுக்கு அஞ்சுவதும் தீமையை விட்டு விலகுவதுமே ஞானம் என்கிறது. தோண்டும் திறன் நமக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது. எதற்காக, யாரைக் கேட்டு, யாருக்கு என்பதில்தான் இன்னும் இருட்டு.

சில வாரங்களுக்குப் பின், பின்வரிசை இளைஞர்களுள் ஓரளவு தமிழ் பேசத் தெரிந்த ஒருவனை அழைத்து, சிறுவனின் கேள்வியை நானே கேட்டேன். அவன் ஊர் மேற்குச் சிங்பூமில், இரும்புச் சுரங்கம் ஒன்றிலிருந்து நடந்து போகும் தொலைவில். சற்று நேரம் பேசாமலிருந்தான். "மேல் மண்ணு எங்களுது, சாமி. கீழ இருக்கிறது கவர்மென்டுது சொன்னாங்க. அப்புறம் கீழ எடுக்க, மேல மண்ணு வேணும் சொன்னாங்க" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு அவனையே அழைத்துச் சென்றேன். கேட்ட சிறுவனுக்கு அவனே விடை சொன்னான். சுவரில் தொங்கிய இந்திய வரைபடத்தில் தன் ஊர் எங்கே என்று விரலை வைத்துக் காட்டினான். வகுப்பு முடிந்து, அன்றைய திருப்பலியில் அந்தச் சிறுவன் தன் வழக்கமான இடத்தை விட்டு எழுந்து, பின்வரிசைக்குச் சென்று அவனருகில் அமர்ந்துகொண்டான்.